அடுத்த வீட்டுக் காற்று

வீடு கட்டிக் கொடுப்பவரை நாலு பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள்; கட்டி முடித்த வீடுகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளிடம் அடுத்த வீட்டைப் பற்றிய முறைப்பாட்டைத்தான் சொல்வார்கள்.

நான் அந்த இரண்டாவது வகை. சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய காலத்தில், மன்னார்ப் பக்கம் வீட்டுத்திட்டங்கள் செய்த ஒரு நிறுவனத்தில் பராமரிப்பு உத்தியோகத்தராக இருந்தேன். ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறதா, வடிகால் அடைத்துக் கிடக்கிறதா, பொதுக்கிணறு துப்புரவாக இருக்கிறதா, எந்தச் சுவர் வெடித்திருக்கிறது, வேலிச் சண்டை எந்த மட்டில் நிற்கிறது என்றெல்லாம் ஸ்கூட்டியில் திரிந்து பார்த்து எழுதி, மேசனையோ, கிராம அலுவலரான விதானையாரையோ கூட்டிக்கொண்டு போவது என் வேலை.

எனக்கென்று வீடு இல்லை. மாதச் சம்பளம் எடுப்பவர்களுக்கு வீட்டுத்திட்டத்தில் இடமில்லை என்பது விதி. அடம்பனில் அக்கா வீட்டு விறாந்தையைத் தகரத்தால் மறைத்து, அதற்குள் நானும் கணவரும் மகளும் இருந்தோம். காலையில் தகரத்துக்குள் இருந்து புறப்பட்டு, நாள் முழுக்க மற்றவர்களின் ஓட்டு வீடுகளைப் பழுது பார்த்துவிட்டு, பின்னேரம் தகரத்துக்குள் திரும்புவேன். இந்த மாதிரி வேலை செய்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்லப்போவது புதிதாக இராது. நீங்களும் உள்ளுக்குள் எரிந்திருப்பீர்கள்.

ஒரே அளவு

அடம்பனுக்குக் கிட்ட உள்ள குடியிருப்பில் மகேஸ்வரி அக்கா என்று ஒருவர் இருந்தார். வயல்காரக் குடும்பம். தன்னுடைய வீடு பக்கத்து வீட்டை விடச் சின்னது என்று என்னிடம் நான்கு தரம் முறையிட்டார். எல்லாம் ஒரே வரைபடம், ஒரே மேசன்மார், ஒரே லொறியில் வந்த கல் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஐந்தாம் தரம் அளவு நாடாவோடு போனேன். நாடாவின் ஒரு முனையை அவரிடமே கொடுத்தேன். ஹோல், அறைகள், குசினி, யன்னல்கூட அளந்தோம். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டு அங்கேயும் போய் அளந்தோம். ஓர் அங்குலம்கூட வித்தியாசமில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் தன் வீடுதான் சின்னது என்ற சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அளந்து முடிந்ததும் அவள் முகமும் வாடித்தான் போனது.

மகேஸ்வரி அக்கா நாடாவை வடிவாகச் சுற்றி என் கையில் தந்தார். பிறகு பக்கத்து வீட்டு ஹோலின் நடுவில் போய் நின்றார். அது சோளகக் காற்று வீசுகிற மாதம். ஒழுங்கை வளைகிற இடம் என்பதால் அந்த வீட்டை மட்டும் கொஞ்சம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். முன் யன்னலால் புகுந்த காற்று பின் கதவால் போய்க்கொண்டிருந்தது.

"அளவு சரிதான் மிஸ். ஆனா இவையின்ர வீட்டுக்குள்ள காத்துக் கூட வருது. அதை எந்த நாடாவால அளப்பீங்கள்?"

கிணற்றடி வீடு

வெள்ளாங்குளம் பக்கம் ஒரு குடியிருப்பில் பொதுக்கிணறு வெட்ட இரண்டு இடம் தோண்டினோம். இரண்டிலும் உவர்த் தண்ணீர். மூன்றாவது இடத்தில் நல்ல தண்ணீர் வந்தது. அது சிவபாலன் என்பவரின் வீட்டு வாசற் படலைக்கு நேர் எதிரே. அடுத்த கிழமை எங்கள் நிறுவனக் கந்தோருக்கு ஒரு மனு வந்தது. ஊரில் பாதிப் பேர் கையெழுத்து வைத்திருந்தார்கள். கிணற்றைப் பொதுவான வேறோர் இடத்துக்கு மாற்றித் தரவேண்டுமாம். கிணற்றை மாற்றலாம், தண்ணீரை எப்படி மாற்றுவது என்று எங்கள் பொறுப்பாளர் என்னைக் கேட்டார். சிவபாலனின் மனைவி செல்வி என்னவோ அதிகாரிகளுக்கு விருந்து வைத்துக் கிணற்றை வாங்கிவிட்டாள் என்றும் கதை அடிபட்டது. உண்மையில் அந்த வீட்டில் நான் தேத்தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து சிவபாலனே கந்தோருக்கு வந்தார். வேறு யாருடனாவது வீட்டை மாற்றிக் கொள்ளலாமா என்று கேட்டார். விடியமுன்னே வாளிச் சத்தம், முற்றம் முழுக்கச் சேறு, குளிக்க வருகிற சனம் வேலிக்கு மேலால் பார்க்கிறது, வீட்டுக்குள் நடக்கிற சண்டையை நின்று கேட்கிறது என்று சொன்னார். நான் மாதக் கூட்டத்தில் எழுந்து, கிணற்றடி வீட்டுக்கு மாறிப்போக விருப்பமானவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். மனுவில் முதலாவதாகக் கையெழுத்து வைத்த ஐயா நிலத்தைப் பார்த்தார். இரண்டாவதாக வைத்தவர் வெளியே போய்ச் சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு கையும் உயரவில்லை. கடைசியில் கிணற்றைச் சுற்றி சீமெந்துத் தளம் போட்டு, கழிவுத் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, படலைப் பக்கம் தகரவேலி அடித்துக் கொடுத்தோம். அன்று கூட்டம் கலையும்போது செல்வி எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள்.

"தண்ணி எங்களுக்குக் கிட்ட எண்டு எரிஞ்சவை, எங்கட வீட்டுச் சண்டை தங்களுக்குக் கிட்ட எண்டதை ஒருத்தரும் மனுவில எழுதேல்ல."

சிலாவத்துறைத் தோட்டம்

வளவுகளை வடிவாக வைத்திருக்கிறவர்களுக்குப் பரிசு கொடுத்தால் குடியிருப்பே வடிவாகிவிடும் என்று எங்கள் கந்தோரில் யாரோ நினைத்தார்கள். சிலாவத்துறைக் குடியிருப்பில் அதை முதலில் செய்தோம். பரிசு ஒரு தள்ளுவண்டில். நசீரா ராத்தாவுக்குக் கிடைத்தது. இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்தில் இருந்து திரும்பி வரும்போது சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த முருங்கைத் தடி, கத்தரி நாற்று, மல்லிகைப் பதியன் எல்லாவற்றையும் மணல் தரையில் உயிர்ப்பித்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவருடைய படலை திறந்து கிடந்தது. ஆடுகள் புகுந்து கத்தரியையும் மல்லிகையையும் அடிமட்டம் வரை கடித்துவிட்டிருந்தன.

படலையின் கொக்கியை ஆடு திறக்காது. எல்லாரும் பக்கத்து வீட்டு ஹமீதாவைச் சொன்னார்கள். குடியிருப்புக் குழு கூடியது. ஆளைக் கண்டுபிடித்து எழுத்தில் எச்சரிக்க வேண்டும் என்றார்கள். நான் தனியாகப் போய் ஹமீதாவின் முன்னால் கதிரையில் இருந்தேன். அவள் மறைக்கவில்லை. தான்தான் திறந்ததாகச் சொன்னாள். இருபது வருசம் புத்தளத்தில் இரண்டு குடும்பமும் ஒரே ஓலைக் கொட்டிலின் இரு பக்கத்தில் இருந்தவர்களாம். நடுவில் ஒரு தட்டி மட்டும். இவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவள் எழும்புவாள், அவள் வீட்டில் சோறில்லை என்றால் இவள் கொடுப்பாள். அங்கே இருவருக்கும் ஒன்றுமில்லாததால் ஒன்றும் தெரியவில்லை. இங்கே வந்த பிறகு, நசீராவின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது, தனக்குக் கைதட்ட மனம் வரவில்லை என்றாள். சொல்லும்போது அவள் கண்ணீர் விடவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குழுவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு வெளியே வந்தேன். நசீரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் உள்ளே போய், மிஞ்சியிருந்த முருங்கைத் தடி இரண்டை முறித்து வந்து வேலிக்கு மேலால் ஹமீதாவிடம் நீட்டினார். ஹமீதா வாங்க முதலில் கை நீட்டவில்லை, பிறகு வாங்கினாள். நசீரா என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், அடுத்த முறை குடுக்கிறதெண்டா ரெண்டு பரிசு குடுங்க. இல்லாட்டி ஒண்டும் குடுக்காதீங்க. எங்களுக்குள்ள தட்டி ஒண்டுதான் இருந்திச்சு, இப்ப சுவர் வந்திட்டு."

நான் பின்னுக்கு வைத்த தாள்

இதுவரை மற்றவர்களைப் பற்றிச் சொன்னேன். இனி என்னைப் பற்றி.

ஜெயந்தி என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். படிப்பில் நான்தான் எப்போதும் முன். சோதனைக்கு முன்னால் என் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவாள். அடம்பன் குடியிருப்பில் கடைசி வரிசையில் அவளுக்கு வீடு கிடைத்தது. கணவருக்குக் கொழும்பில் நாட்கூலி வேலை. அவளும் ஐந்து வயது மகளும் இருந்தார்கள். சிவப்புச் சாயம் போட்டு மினுக்கின நிலம், பூப்போட்ட யன்னல் சீலை, கண்ணாடி வைத்த அலுமாரி. நான் போகும் போதெல்லாம் உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணீர் தருவாள். அந்தத் தேத்தண்ணீர் எனக்கு ஒருநாளும் இனித்ததில்லை.

அவளுடைய குசினிக் கதவுக்கு மேலே ஒரு வெடிப்பு விழுந்தது. முறைப்பாட்டுத் தாளில் எழுதித் தந்தாள். நான் அதை வாங்கிக் கோப்பின் அடியில் வைத்தேன். பிறகு வந்த தாள்கள் எல்லாம் அதற்கு மேலே போயின. அவள் மூன்று தரம் கேட்டாள். மேசன் முசலிப் பக்கம் நிற்கிறார் என்று மூன்று தரமும் சொன்னேன். மேசன் முசலியில் நிற்கவில்லை. இரண்டு கிழமையாக வேலையில்லாமல் அடம்பன் சந்தியில் நின்றார். நானே அவரைக் கண்டு கை காட்டிவிட்டும் போயிருக்கிறேன். எனக்கு அவளுடைய சுவர் விழவேண்டும் என்று விருப்பமில்லை. கொஞ்ச நாள் வெடிப்போடு இருக்கட்டும் என்று மட்டும் நினைத்தேன். தகரத்துக்குள் நான் இருக்கிறேன்தானே.

மாரி மழை தொடங்கி நாலாம் நாள், பகல் பதினொரு மணியளவில் சுவர் விழுந்தது. சேதி கேட்டு மழையோடு நான் ஓடிப்போனபோது, கதவுக்கு மேலிருந்த சுவர்த்துண்டு முழுவதும் அடுப்படியில் கிடந்தது. சோற்றுப் பானை நசுங்கிப்போயிருந்தது. சோறு வடிக்கவென்று எழும்பின ஜெயந்தியை மகள் முன் அறையில் இருந்து கூப்பிட்டிருக்கிறாள், கொலுசு கழன்றுவிட்டது, பூட்டிவிடு என்று. அந்தக் கொலுசைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சத்தம் கேட்டதாம். இதை அவள் சொன்னபோது சேற்றோடு அந்த மினுக்கின நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். உன் தாளை அடியில் வைத்தது நான்தான், மேசன் எங்கேயும் போகவில்லை என்று சொன்னேன். அவள் என்னை ஏசுவாள், கந்தோருக்கு எழுதிப்போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒரு துவாயை எடுத்து வந்து என் தலையைத் துடைக்கச் சொல்லித் தந்தாள். பிறகு என் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"எனக்கு விளங்கினது வதனி. நீ இஞ்ச வந்தால் யன்னல் சீலையைத்தான் பாப்பாய், என்னைப் பாக்கமாட்டாய். நானும் அப்பிடித்தான். காலமையில நீ சேலை உடுத்து ஸ்கூட்டியில போகேக்க, நான் அந்த யன்னலுக்குள்ள நிண்டு உன்ர சேலையைப் பாத்து எரியிறனான்."

இலக்கம் போட்ட புத்தகம்

அன்று பின்னேரமே பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எச்சரிக்கைக் கடிதம் தந்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடுத்த நாள் மேசன் வந்து சுவரைக் கட்டி முடிக்கும் வரை, நான் வேறு எங்கேயும் போகாமல் அவருக்குக் கல் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு, என்னை நானே நம்பாமல், ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு குடியிருப்பின் பொதுமண்டபத்திலும் ஒரு கொப்பியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். முறைப்பாடு வந்த ஒழுங்கில் இலக்கம் போட்டு எழுதவேண்டும். அந்த ஒழுங்கில்தான் மேசன் வருவார். யாருடைய தாளையும் யாரும் அடியில் வைக்க முடியாது.

நல்ல திட்டம்தான். அடம்பனில் ஒரு கிழமைக்குள் கொப்பி நிரம்பியது. போய்ப் பார்த்தால், உடையாத கதவுகள், ஒழுகாத கூரைகள் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. ஓர் ஐயா என்னைக் காத்துக்கொண்டு நின்றார். அவருடைய வீட்டில் என்ன பழுது என்று கேட்டேன்.

"ஒண்டும் பழுதில்லை பிள்ளை. ஆனா பக்கத்து வீட்டுக்காரனுக்கு மூண்டாம் நம்பர் கிடைச்சிருக்கு. எனக்கும் ஒண்டைப் போட்டு விடுங்கோ, பேந்து ஆறுதலா உடையட்டும்."

எங்கள் குசினி

சில வருசம் கழித்து எங்கள் காணியில் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் அறையும் ஹோலும் குசினியும் எழுப்பினோம். பால் காய்ச்சின அன்று ஜெயந்தி பூப்போட்ட சீலைத் துணி கொண்டுவந்து, தானே யன்னலில் கட்டிவிட்டாள். எங்களை அத்தனை காலம் விறாந்தையில் வைத்திருந்த அக்கா, வந்த நேரம் தொட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். குசினியில் கனநேரம் நின்றாள். சுவரைத் தட்டினாள். யன்னலைத் திறந்து மூடினாள். அவளுக்குச் சந்தோசம் என்று எனக்குத் தெரியும். வேறு ஒன்றும் இருந்தது என்பதும் தெரியும். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.

"வீடு சின்னன்தான். எண்டாலும் குசினி என்ரயை விடப் பெரிசாக் கட்டிப்போட்டாய், என்ன."

பொறாமை இல்லாத குடியிருப்பு ஒன்றை என் வேலைக் காலத்தில் ஒரே ஒரு தரம்தான் பார்த்தேன். அங்கே அப்போது யாரும் குடிவந்திருக்கவில்லை.