மீட்பர் வீட்டு ட்ரிம்

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் ‘மீட்பர்’ என்று பெயர். ஆன்மிகம் ஒன்றும் இல்லை. கணினியில் அழிந்துபோன கோப்புகளை மீட்டுக் கொடுப்பது அவர் பிழைப்பு. பழைய கணினிகளுக்கு வெளிக் கம்பெனி எஸ்.எஸ்.டி., அதாவது வேகமான புது ரக டிரைவ், மாட்டி ஓடவைப்பது உபதொழில். கடையில் முன்மேசை என்னுடையது. வருகிறவர்களின் அழுகையைக் கேட்பவன் நான். போகும்போது அவர்கள் கும்பிடுவது அத்தானை. சரி, போகட்டும்.

இந்த இரண்டு தொழிலுக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. ஒரு கோப்பை அழித்தால் கணினி அதன் பெயரைத்தான் நீக்குகிறது. சரக்கு டிரைவுக்குள் அப்படியே கிடக்கும். அது கிடக்கும்வரைதான் அத்தான் மீட்பர். ஆனால் எஸ்.எஸ்.டி.யில் அப்படிக் குப்பை சேர்ந்தால் வேகம் குறையும். ஆள் காலி செய்த லாட்ஜ் அறையைப் பெருக்காமல் விட்டுவிட்டு, அடுத்த ஆள் பெட்டியோடு வந்து நின்ற பிறகு துடைப்பத்தைத் தேடுவது மாதிரி. இதற்குத்தான் ட்ரிம் என்று ஒரு வசதி. அதைப் போட்டுவிட்டால், அழித்த இடத்தை டிரைவ் அவ்வப்போது தானே சுத்தம் செய்துகொள்ளும். கணினி பறக்கும். ஆனால் அழித்தது அழித்ததுதான். எந்த மீட்பர் வந்தாலும் திரும்பாது.

கணினிக் கம்பெனிக்காரன் தன் டிரைவுக்கு மட்டும் ட்ரிம்மைத் தானே போட்டுக் கொடுப்பான். வெளிக் கம்பெனி டிரைவ் என்றால் நாம்தான் கட்டளை அடித்துப் போட வேண்டும். சிஸ்டத்தை அப்கிரேடு செய்தால் அதையும் சத்தமில்லாமல் அணைத்துவிடுவான். உடனே “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?” என்று தெருவே கடைக்கு வரும். அத்தான் கட்டளையை அடிப்பார். ‘தரவு இழப்பு நேரலாம், தொடரலாமா?’ என்று கணினி கேட்கும். யாரோடோ கதை பேசிக்கொண்டே ‘ஆம்’ என்பார். மறுபடி கேட்டால் மறுபடி ‘ஆம்’.

ஊரார் கணினிக்கெல்லாம் ட்ரிம் போட்டவர் தன் வீட்டுக் கணினிக்கு மட்டும் போடவில்லை. காரணம் என் அக்கா.

அக்கா புத்தக அட்டைகள் வடிவமைப்பவள். கோபம் வந்தால் தட்டை வீசுகிற ரகமில்லை. தன் கணினியைத் திறப்பாள். கல்யாணப் படங்களும் முதல் வாடகை வீட்டுப் படங்களும் இருக்கிற ‘நாம ரெண்டு பேரும்’ என்ற ஃபோல்டரை அழிப்பாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். அத்தான் வந்து மீட்கிற மென்பொருளை ஓடவிடுவார். படங்கள் பெயரும் வரிசையும் இல்லாமல் ஒவ்வொன்றாய் வரும். “இது எங்க எடுத்தது?” என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். “உங்க சித்தி வீடோ?” என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்.

“கண்ணு அவிஞ்சா போச்சு? அது ரயில்வே ஸ்டேஷன்!” என்று உள்ளேயிருந்து குரல் வரும். கொஞ்ச நேரத்தில் அவளே வந்து அவர் பின்னால் நிற்பாள். கடைசிப் படம் வருவதற்குள் இரண்டும் சிரித்துக்கொண்டிருக்கும்.

பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “இன்னொரு டிரைவுல ஒரு காப்பி எடுத்து வெச்சா என்ன குறைஞ்சுடும்?” என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

காப்பி எடுக்காதவர்களைத் திட்டியே பெயர் வாங்கிய மனிதர், “காப்பி இருந்தா உங்கக்கா அழிக்கிறதுக்கு என்னடா மரியாதை?” என்றார். அக்காவும் என்னைத்தான் முறைத்தாள். எனக்குத் தேவையா இது!

போன அப்கிரேடுக்குப் பிறகு, ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த அக்காவின் கணினி சுத்தமாகப் படுத்துவிட்டது. “ஊர்ல எல்லார் மெஷினும் பறக்குது. மீட்பர் பொண்டாட்டி மெஷின் மட்டும் நகர மாட்டேங்குது. வெளியில சொன்னா சிரிப்பாங்க” என்று தினமும் பாட்டு. கல்யாண நாள் வேறு நெருங்கியது. அத்தான் அவளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து ட்ரிம் கட்டளையை அடித்தார். ஆம். ஆம்.

“அத்தான், அந்த ஃபோல்டர்?” என்றேன்.

“இப்பல்லாம் நாங்க எங்கடா சண்டை போடறோம்? நாளைக்கு ஒரு காப்பி எடுத்துடறேன்.”

கணினி பறந்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பாராட்டையெல்லாம் வாங்கிக்கொண்ட மனிதர், அதற்கு என்ன விலை என்று மட்டும் வாய் திறக்கவில்லை. காப்பி எடுக்கிற அந்த ‘நாளைக்கு’ம் வரவில்லை.

கல்யாண நாளன்று மாலை இருவரும் சினிமாவுக்குப் போவதாக ஏற்பாடு. அத்தான் கிளம்பும் நேரத்தில் புதிதாய்க் கட்டிக்கொண்ட ஜோடி ஒன்று கேமரா கார்டோடு கடைக்குள் வந்து அழுதது. கல்யாணப் படம் மொத்தமும் அழிந்துவிட்டதாம். “இதோ, சீக்கிரம் முடிஞ்சுடும்” என்று உட்கார்ந்தார். அவர்கள் கல்யாணத்தை முழுசாக மீட்டு முடித்தபோது இவர்கள் போக வேண்டிய சினிமா முடிந்திருந்தது.

வீட்டுக்கு நானும் கூடவே போனேன். அக்கா பட்டுப்புடவையில் கூடத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். “பாவம், சின்னஞ்சிறுசுங்க. கல்யாணப் படமே போச்சுன்னா என்ன பண்ணுவாங்க, நீயே சொல்லு” என்றார் அத்தான். இதைவிட நன்றாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள முடியாது.

“உங்க கல்யாணப் படமும் போச்சு. உக்காந்து எடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அத்தானின் முகத்தில் ரத்தமே இல்லை. மென்பொருளை ஓடவிட்டார். அது தேடித் தேடி, எதுவும் இல்லை என்றது. மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் எதுவும் இல்லை.

காத்துப் பார்த்துவிட்டு அக்காவே எழுந்து வந்தாள். “என்ன, இன்னிக்குக் கேள்வியே காணோம்?”

“ஒண்ணும் வரலம்மா.”

“விளையாடாதீங்க.”

“உன் மெஷின் வேகமா ஓடணும்னு ட்ரிம் போட்டுட்டேன். உன்கிட்ட சொல்லியிருக்கணும்.”

அக்கா திரையையே பார்த்தாள். “ஸ்டேஷன் படமுமா?”

“எல்லாமே.”

அவள் அழுதாள். எத்தனையோ பேரின் அழுகையை நிறுத்திய மனிதர், மென்பொருளை இன்னொரு முறை ஓடவிட்டார்.

அடுத்த அப்கிரேடு வந்தது. கம்பெனிக்காரன் வழக்கம்போல ட்ரிம்மை அணைத்தான். தெருவும் வழக்கம்போல வந்தது. கடை வேலை முடித்து வீட்டுக்கு வந்த அத்தான், அக்காவின் கணினியையும் இழுத்து வைத்துக்கொண்டு கட்டளையை அடிக்கத் தொடங்கினார். அதில் ‘நாம ரெண்டு பேரும்’ ஃபோல்டர் மறுபடி இருந்தது. இருவரையும் கடை வாசலில் நிறுத்தி நான் எடுத்த சில படங்கள், எல்லாவற்றிலும் அத்தான் கண்ணை மூடியிருக்கிறார்.

அக்கா வந்து அவர் கையை எடுத்துவிட்டாள்.

“வேணாம். மெதுவாவே ஓடட்டும்.”

“உன் வேலை கெடுமே?”

“கெட்டா கெட்டுட்டுப் போகுது. நமக்கு இன்னும் எவ்வளவு சண்டை போட வேண்டியிருக்கு.”