அமைதிக்கு விழுந்த மதிப்பெண்

செங்கம் சாலையில் நான் பிரவுசிங் சென்டர் நடத்தியபோது, பக்கத்து லாட்ஜ்காரர் காலைதோறும் வருவார். பட்டை விபூதி, சலவை வேட்டி. பயணிகள் மதிப்பெண் போடும் இணையதளத்தில் தன் லாட்ஜின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்வார். ஒருநாள், ஐந்துக்குச் சுத்தம் நாலு, சாப்பாடு நாலு, அமைதி இரண்டு.

“யார் போட்டதுங்க?”

“பேர் வராதுங்க.”

“மூலை ரூம் வெள்ளைக்காரன்தான். வணக்கம் சொன்னாகூட திரும்ப மாட்டான். இருக்கட்டும், பாத்துக்கறேன்.”

பௌர்ணமியன்று அவனை வாசல் பக்க அறைக்கு மாற்றினார். ஜன்னலுக்கு நேரே, கிரிவலக் கூட்டத்துக்காகக் கட்டிய ஒலிபெருக்கி விடியவிடிய அலறியது.

அடுத்த வாரம் அமைதி ஒன்றுக்கு இறங்கியிருந்தது. தயங்கித்தான் காட்டினேன். அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததே இல்லை.

“பாத்தீங்களா, அவன்தான்னு அன்னிக்கே சொன்னேனே.”