சாந்தாக்காவின் ஐந்தாண்டுப் பத்திரம்

எண்பதுகளில் திருவண்ணாமலையில் நான் போஸ்ட் ஆபீஸ் சேமிப்புப் பத்திர ஏஜென்டாக இருந்தேன். அடி அண்ணாமலை கிராமத்துச் சாந்தாக்கா, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்ற பணத்துக்கு என் மூலமாக ஐந்தாண்டுப் பத்திரம் வாங்கினார்.

இரண்டாம் வருடம் ஓடிவந்தார். "வூட்டுக்காரருக்கு உடனே ஆபரேஷன் பண்ணணுமாம் தம்பி. பத்திரத்தை எடுத்துக்கிட்டு பணம் வாங்கிக் குடுங்க."

"அஞ்சு வருஷம் முடியாம ஒரு பைசா எடுக்க முடியாதுக்கா" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

ஆபரேஷன் நடக்காமலேயே அடுத்த மாதம் அவர் கணவர் இறந்துபோனார்.

அந்தப் பத்திரத்தைப் பேங்கில் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊரெல்லாம் விற்றவன், விதிமுறையைப் படித்ததே இல்லை.

முதிர்வுப் பணம் வாங்கிய அன்று, போஸ்ட் ஆபீஸ் வாசலில் சாந்தாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்ன மாதிரியே முழுசா குடுத்துட்டாங்க தம்பி. நல்லா இருங்க."

அப்போதும் அடமானத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.