நட்ட நாற்று எந்தப் பக்கம்?

கேளம்பாக்கத்தில் ஆசிரியர் பயிற்சி. மூளையின் போக்கறிந்து மீத்திறன் மாணவர்களின் படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி என்று பேசிய பயிற்றுநர், எங்களையும் படம் வரையச் சொன்னார். கிரேயான் வாசனை என்னை நான்காம் வகுப்புக்கு இழுத்துப் போனது.

அன்று, நடவு நடும் அம்மாவை வரைந்தேன். நட்ட நாற்றெல்லாம் அவள் முகத்துக்கு எதிரே இருந்தது. டீச்சர் குறுக்கே கோடு போட்டார்.

"முடிச்ச வேலை முதுகுக்குப் பின்னால இருக்கணும்."

"பின்னாலயே நடந்துகினுதான் டீச்சர் நடுவாங்க. முன்னால போனா நட்டத மிதிச்சிடுவாங்க."

"வாயாடாத. மாத்தி வரை."

மறுபடியும் அப்படியே வரைந்தேன். கெட்டிக்காரப் பிள்ளைகளின் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குத் துரத்தினார்.

இன்றும் அதையேதான் வரைந்தேன். பயிற்றுநர் குனிந்து பார்த்தார்.

"நட்டது பின்னால இல்ல இருக்கணும், மேடம்?"

பச்சை கிரேயானை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"ஏன் இப்படி வரைஞ்சேன்னு மொதல்ல கேளுங்க சார். அப்பறமா வளர்க்கலாம்."