மூன்றாம் ஓலை

கொரோனா ஓய்ந்து ஷூ கம்பெனிகள் மறுபடி ஓவர்டைம் ஓடத் தொடங்கியிருந்த சமயம். ஆம்பூரில் ஒரு கம்பெனியில் நான் செக்கிங் பிரிவில் இருந்தேன். வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசராக இருந்த ஒருவருடன் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மண்டபமும் பேசியாகிவிட்டது.

எங்கள் திருச்சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பெண் ஊர் சர்ச்சிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை ஊர் சர்ச்சிலும் வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பதுதான் ஓலை. யாரும் எதுவும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. படிப்பவர்களும் அதே மூச்சில் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்கள். எங்களுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஆயர் மட்டும் படித்துவிட்டுப் பேசாமல் நிற்பார். முன் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை நிதானமாகப் பார்ப்பார். "இன்னா, ஐயா பஸ்சுக்கு நிக்கிறாரா?" என்று பாடகர் குழுவில் நாங்களே கிண்டல் செய்திருக்கிறோம்.

எனக்கு மூன்றாம் ஓலை வாசித்த அன்றும் அப்படித்தான் நின்றார். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நெற்றியில் பொட்டு, கையில் ஒரு துணிப்பை. "எனக்குத் தெரியும் ஐயா" என்றாள்.

சர்ச்சே திரும்பிப் பார்த்தது. என் சித்தப்பா எழுந்து சத்தம் போட்டார். ஆயர் அவரை உட்காரச் சொன்னார். "கேட்டது நானு, அவங்க பதில் சொல்றாங்க. ஆராதனை முடிஞ்சதும் உக்காந்து பேசலாம்மா" என்றவர், அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னால் அவளையும் தலைகுனிய விடவில்லை, என்னையும் விடவில்லை. அன்று பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. அந்தப் பெண் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஆராதனை முடிந்து ஆயர், அப்பா, நான், அவள் என நாலு பேரும் பக்க அறையில் உட்கார்ந்தோம். அவள் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவள். அந்த மாப்பிள்ளை அவளுக்குத் தாலி கட்டிக் குடித்தனமும் நடத்திவிட்டு, வெளியூரில் வேலை என்று போனவர்தான், திரும்பவே இல்லை. எங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வரும் அவள் தெருப் பெண் ஒருத்தி, என் பத்திரிகையில் மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்துவிட்டு அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

"சர்ச்சுல கேப்பாங்க, அப்ப எழுந்து சொல்லுன்னா. போன வாரம் அவரு ஊரு சர்ச்சுக்குத்தான் போனேன். நான் எழுந்திருக்கறதுக்குள்ள வேற இன்னாவோ படிக்க ஆரம்பிச்சிட்டாங்க."

ஆயர் அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். யார் யார் கூட இருக்கிறோம் என்பதையும் சொன்னார்.

"அது முடிஞ்சுபோன மேட்டர் ஐயா. இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார் மாப்பிள்ளை.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். கல்யாணம் அத்தோடு நின்றது.

கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்து, "உன் கல்யாணத்த கெடுத்துட்டேன் பாப்பா" என்றாள். "நீ இன்னாக்கா கெடுத்த?" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவளுக்கு ஒரு வக்கீலைப் பார்த்துக் கொடுத்ததும் ஆயர்தான்.

பிறகு எனக்கு வேறு இடத்தில் அமைந்தது. அதே ஆயர்தான் ஓலை வாசித்தார், அதே போல நின்றார். யாரும் எழவில்லை. பாடகர் குழுவில் யாரும் கிண்டலும் செய்யவில்லை.

இன்றைக்கும் யாருக்கு ஓலை வாசித்தாலும் நான் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன், எழுந்திருக்கத் தயங்கும் யாருக்காவது இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்குமோ என்று.