கோடு நின்றுபோன கரை

சனிக்கிழமை காலை ஏழே கால் மணி. நான் சமையலறைக்குள் போனபோது முதலில் கண்ணில் பட்டது அகப்பை. அதை நீட்டிப் பிடித்தபடி மனைவி குளிர்சாதனப் பெட்டியின் கதவோடு நோர்வேஜிய மொழியில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

கதவில் இரண்டு வரைபட நகல்கள் ஒட்டியிருந்தன. இரண்டும் பழைய காலத்து ஐரோப்பியர் வரைந்த வடதுருவக் கரைகள். நோர்வேயில் நாங்கள் இருந்த நகரத்தில் ஒரு சிறிய கடல் அருங்காட்சியகம் அவற்றின் மூலப்படங்களைக் காட்சிக்கு வைத்திருந்தது. வழிகாட்டி ஒருவரையும் தேடியது. அன்று மதியம் அவளுக்குப் பரீட்சை. வருகிற பார்வையாளர்களை அழைத்துப் போய் விளக்க வேண்டும். பல வருடங்களாக ஒரு கடையின் குளிரறையில் மீன்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே கதைக்க ஆள் இல்லை. இது கிடைக்காவிட்டால் மறுபடி குளிரறைதான்.

மேல்மாடியில் இருந்த கோயம்புத்தூர்த் தம்பி, கணினி வேலை பார்ப்பவர், தயிருக்கு உறை கேட்டு வந்தார். மனைவி அவரைக் கதிரையில் இருத்தினாள்.

"தம்பி, நீங்கள்தான் பார்வையாளர். கேள்வி கேளுங்கோ."

முதல் படத்தில் கடல் முழுக்க மிருகங்களும் தீவுகளும். வரைந்தவர் வடக்கே போனதேயில்லை. மாலுமிகளிடம் கேட்டு வரைந்தார். அந்தத் தீவுகளில் சில உலகத்திலேயே இல்லை. இரண்டாவது, வடக்கால் சீனாவுக்கு வழி தேடிப்போன டச்சு மாலுமிகள் கண்டு வந்த ஸ்பிட்ஸ்பேர்கன் தீவு. மேற்குக் கரை குடாக்களோடு தெளிவாக இருக்கிறது. வடக்கே கொஞ்சத் தூரம் போனதும் கோடு நின்றுவிடுகிறது.

தம்பி அந்த இடத்தைக் காட்டினார். "இதுக்கு அந்தப் பக்கம் என்னக்கா இருக்கு?"

"பனி."

"பனிக்கு அப்புறம்?"

"இன்னும் பனி."

"அக்கா, நீங்க அடிச்சு விடறீங்க. எங்க ஊர்ல வழி கேட்டாலும் இப்படித்தான். தெரியாதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நேராப் போயி லெஃப்ட்னு அனுப்பி வச்சிருவாங்க."

"யாழ்ப்பாணத்திலை இன்னும் மோசம்," என்றேன். "கூடவே வந்து பிழையான இடத்திலை விட்டிட்டுப் போவினம்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ," என்றாள் மனைவி. "வழிகாட்டி தெரியாது எண்டு சொன்னால் ஆர் வேலை தருவினம்?"

மதியம் நான் நுழைவுச்சீட்டு வாங்கி, முன்பின் தெரியாதவன்போலக் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். அருங்காட்சியகப் பொறுப்பாளர் சுவரோரம் நின்றார். முதல் படத்தை மனைவி சரளமாகவே சொல்லி முடித்தாள். இரண்டாவது படத்துக்கு வந்ததும், முதுகுப்பை சுமந்த ஒரு பெண் கோடு நின்ற இடத்தில் விரலை நீட்டினார்.

"இதற்கு அப்பால்?"

மனைவி வாயைத் திறந்தாள். 'பனி' என்ற பதில்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். உலகத்தில் இல்லாத தீவுகள் நிறைந்த முதல் படத்தை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போகவில்லை. அதனால் வரையவில்லை."

"சரி, இப்போது அங்கே என்ன இருக்கிறது?"

"எனக்கும் தெரியாது. நானும் போனதில்லை."

கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் தான் அங்கே போயிருப்பதாகச் சொல்லிக் கதைக்கத் தொடங்கினார். மனைவி குறுக்கே கேள்வி கேட்டாள். பொறுப்பாளரும் சுவரை விட்டு நகர்ந்து கிட்ட வந்தார்.

திரும்பி வரும்போது ட்ராமில் அவள் யன்னல் பக்கம் பார்த்தபடி, "தெரியாது எண்டு ரெண்டு தரம் சொல்லிப்போட்டன்," என்றாள்.

"ஓம். நானும் எண்ணினனான்."

"எண்ணத்தான் வந்தனீங்களோ?"

செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்திலிருந்து தொலைபேசி வந்தது. புதன்கிழமை அவள் குளிரறைக் கையுறைகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தாள்.