கழித்து எழுதிய இரண்டு

வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறும்போதே தமிழ்வாணிக்குத் தெரியும், போய்வந்தால் இரண்டு நாள் படுக்கைதான் என்று. பையில் தண்ணீர் பாட்டில், மாத்திரை, நான்கு பக்கம் எழுதிய தாள். அந்தத் தாளை இதழுக்கு அனுப்புவதா, கிழித்துப் போடுவதா என்பதை இன்று வேறொரு பெண் முடிவு செய்யவேண்டும்.

பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவளிடம் ஒரு குறையும் இல்லை. நாற்பத்தாறு வயது, திடமான உடம்பு, நேரான நடை. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சுத்தம். ஆனால் ஆறு வருடமாகத் தோள் முதல் குதிகால்வரை வலி. ஒரு நாளும் விட்டுவைத்ததில்லை. அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் கிடைக்கவே மூன்று வருடம் பிடித்தது. அதுவரை டாக்டர்கள் டென்ஷன் என்றார்கள், சொந்தக்காரர்கள் செய்வினை என்றார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: எங்களுக்கு விளங்கவில்லை, ஆகவே தப்பு உன்மேல்.

பதினெட்டு வருடம் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்ற கால்கள் அவை. நிற்க முடியாமல் போனதும் வேலையை விட்டாள். திருப்பரங்குன்றத்து வாடகை வீட்டில் படுத்தபடியே, செல்போனில் கட்டைவிரலால் தன் நோயைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். ஒரு மாத இதழ் அதைத் தொடராகப் போட்டது. ஐந்து கட்டுரை தடங்கலில்லாமல் வந்தன. ஆறாவதில், இப்போது பையில் இருக்கும் தாளில், மாட்டிக்கொண்டாள்.

அவளே நோயாளியாக ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நடந்ததை அதில் எழுதவேண்டியிருந்தது. சின்னப் பெண் ஒருத்தி, புது நர்ஸ், கேஸ் ஷீட்டோடு வந்து கேட்டாள். “வலி பத்துக்கு எவ்ளோ மேடம்?”

“எட்டு.”

பேனா ஒரே ஒரு சுழி சுழித்து நின்றது. எட்டுக்கு இரண்டு சுழி வேண்டும். அவள் எழுதியது ஆறு.

தமிழ்வாணிக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கு அவளுக்கு மனப்பாடம். வேலையில் சேர்ந்த முதல் வாரம், வார்டு பொறுப்பாளர் அன்னக்கொடி சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. “இந்தா பாரு, சனங்க கூட்டித்தான் சொல்லும். ரெண்டக் கழிச்சுப் போடு.” பதினெட்டு வருடம் அவள் கழித்தாள். எல்லாருக்கும் இல்லை. காரில் வந்து இறங்கி ‘எய்ட்’ என்று சொன்னவருக்கு எட்டே போட்டாள். மஞ்சள் பையோடு வந்து ‘எட்டு’ என்றவருக்குத்தான் ஆறு. இத்தனைக்கும் அவள் அப்பா சின்னான், கூலிக்குக் களை எடுத்தவர்; இடுப்பு பிடித்து உட்கார்ந்தபோது வயல்காரர் “நடிக்கிறான்” என்று சொன்னதைக் காதால் கேட்டு வளர்ந்தவள் அவள். அந்த மகள், கையில் பேனா வந்ததும், அதே வேலையைச் செய்தாள்.

கழித்தவர்களில் ஒரு முகம் மட்டும் அவளை விடவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன், வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒரே மாதத்தில் மூன்று முறை வந்த பெண். “எங்க வலிக்குது?” என்று கேட்டால் “அம்புட்டும் வலிக்குது” என்பார். வார்டில் அவருக்கு அதுவே பெயராயிற்று. இதை ஐந்தாவது கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தாள். பத்து நாளில் செய்தி வந்தது: ‘அது எங்க அத்தை. பேரு இருளாயி. நான் அவங்க மருமக சத்யப்ரியா. வந்து பாருங்க.’

இருளாயி வாசலிலேயே நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும், நாற்று நட்டுக் காய்த்த கைகள்.

“வாங்க நர்சம்மா. பஸ்சுல ஒக்கார எடம் கெடச்சுச்சா?”

வலிக்கிற ஆளுக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் வரும். தமிழ்வாணி தலையாட்டினாள். தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டுத் தாளை எடுத்து, ஒரு வரி விடாமல் படித்தாள். கழித்த கணக்கையும் வைத்த பட்டப்பெயரையும் மறைக்கவில்லை. முடித்ததும் சொன்னாள். “நீங்க வேணாம்னா இத அனுப்ப மாட்டேம்மா.”

சத்யப்ரியா அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“‘அம்புட்டும் வந்துருச்சுடி’ன்னு சிரிச்சது நீதானா?” என்று கேட்டார் இருளாயி.

“நான்தாம்மா.”

“அதுக்குப் பெறகு எந்த ஆசுபத்திரி வாசலையும் நான் மிதிக்கல.”

பதினான்கு வருடம். ஒரு சிரிப்புக்கு இவ்வளவு நீளம் உண்டு என்று தமிழ்வாணி நினைத்ததே இல்லை.

“நம்பரச் சொல்லுன்னு வெரட்டுனியே, நான் என்ன சொன்னேன்?”

“ஆறுன்னீங்க. நான் நாலுன்னு எழுதினேன்.”

திடீரென்று இருளாயி சிரித்துவிட்டார். “அடியேய், அது பத்து! பத்துன்னா நடிக்கிறாம்பீக. ரெண்டுன்னா மாத்திரை தரமாட்டீக. அதான் நானே நாலக் கழிச்சுட்டு ஆறுன்னேன். நீ அதுலயும் ரெண்டத் தூக்கிட்டியா? வெளங்கும்!”

சிரித்தபடியே மருமகளைப் பார்த்து, “அந்தக் கம்பிகள எடுத்தா” என்றார்.

கடைகளில் ரசீது குத்திவைக்கும் வளைந்த கம்பி. அப்படி மூன்று வந்தன. மூன்றிலும் தினசரி காலண்டர் சீட்டுகள், பழசு அடியிலும் புதுசு மேலுமாக, கட்டுக் கட்டாக.

“எந்திரிக்க முடியாத நாளு வந்தா, அன்னைக்குச் சீட்டக் கிழிச்சு எறியாம இதுல குத்திருவேன். ஆசுபத்திரிக்குப் போகாம நின்னேன்ல, அப்பப் புடிச்சது. குறி சொல்ற கோடாங்கி சொன்னான், அமாவாசைக்கு அமாவாசை முனி ஏறுதுன்னு. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா அமாவாசைச் சீட்டுல கறுப்பு வட்டம் போட்டிருக்கும்ல? ரெண்டு வருசத்துச் சீட்டையும் புரட்டிப் பாத்தேன். கறுப்பு வட்டம் மூணே மூணு. முனிக்கும் நாள் தெரியல, கோடாங்கிக்கும் தெரியல. போடா போக்கத்தவனேன்னுட்டேன்.”

தமிழ்வாணி ஒரு கம்பியை மடியில் வைத்துக்கொண்டாள். சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மூலை மடிந்திருந்தது.

“இது என்னம்மா?”

“முந்துன நா ராத்திரி தூங்கலேன்னா மூலைய மடிச்சிருவேன். பாரு, எம்புட்டு மடிஞ்சிருக்குன்னு. தூங்காத மறுநாதான் ஒடம்பு அடிக்குது. பேயுமில்ல, பெசாசுமில்ல.”

உறக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைத் தமிழ்வாணி ஆங்கிலக் கட்டுரைகளை அகராதி வைத்துப் படித்து, இரண்டு வருடத்தில் தெரிந்துகொண்டாள். இங்கே எழுத்தறியாத ஒருவர், ஒருவரும் நம்பாதபோது தன் உடம்பைத் தானே நம்பி, சந்தேகப்பட்டு, எண்ணி, ஒத்துப் பார்த்து, ஒரு கோடாங்கியைப் பொய்யனாக்கியிருக்கிறார். பத்து வலியோடு நாற்று நட்டார் என்று இவரைப் பொறுமைசாலியாக்கி மாலை போட ஊர் ஓடிவரும். அந்தப் பொறுமை ஊர் செய்த அநியாயம். மாலை போட அதில் ஒன்றுமில்லை. இந்தக் கம்பிகள் வேறு. ஆராய்ச்சிக்கூடத்தின் முன் நிற்பதுபோல இருந்தது அவளுக்கு. பதினெட்டு வருடம் அவள் நிரப்பிய கேஸ் ஷீட்டுகளில் ஒன்றுகூட இந்தச் சீட்டுகள் அளவுக்கு உண்மை பேசியதில்லை.

“இத ஒரு டாக்டர்ட்ட காட்டணும்மா. என்னப் பாக்குற டாக்டரு, காது குடுத்துக் கேக்குறவரு. நான் கூட வாரேன்.”

“வாரேன். ஒரு தடவ. சிரிச்சாருன்னா கம்பியாலயே குத்திருவேன்.”

சத்யப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப இந்தத் தாளு?” என்றாள் தமிழ்வாணி.

“அனுப்பு. எம்பேர மாத்தாத. நாலுன்னு எழுதிருக்கியே, அத அடிச்சுட்டுப் பத்துன்னு போடு.”

தமிழ்வாணி பேனாவை எடுத்தாள். நாலை அடித்துவிட்டு, பக்கத்தில் நிதானமாகப் பத்து என்று எழுதினாள்.

இருளாயி அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒனக்கு இப்ப எம்புட்டு?”

“ஆறு.”

“ரெண்டக் கூட்டிக்கிறவா?”

தமிழ்வாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “எட்டும்மா.”

“எட்டுன்னா எதுக்கு நேரா ஒக்காந்துருக்க?” இருளாயி பாயை எடுத்து உதறிப் போட்டார். “படு தாயி. பஸ்சு எங்கயும் போயிராது.”